திங்கட்கிழமைக் கூலி

தவறு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் சட்டத் திருத்தம் வரும், காலக்கெடு வரும், எங்கள் மேலாளர் வருவார். அவற்றில் எதன் பின்னாலும் நான் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்காதீர்கள்.

என் வேலை மென்பொருள் சோதனை. மலாக்கா, ஆயர் குரோவில் ஒரு சிறு நிறுவனம். தோட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சம்பளக் கணக்குப் போட்டுத் தரும் மென்பொருள் எங்களுடையது. அது வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன்னால் சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று பார்க்கும் குழுவுக்கு நான் தலைமை. கணினியைக் கொண்டே கணினியைச் சோதிக்கும் தன்னியக்கச் சோதனையில் நான் கெட்டிக்காரி என்று பெயர். கல்லூரிகளில் அதைப் பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். போவேன். பேசுவது எனக்குப் பிடிக்கும்.

2023இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை வந்தது. மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60டி பிரிவு என்ன சொல்கிறது என்றால், பொது விடுமுறை வார ஓய்வு நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள் சம்பளத்தோடு விடுமுறை. அன்றைக்கு வேலைக்கு வந்தவருக்கு, விடுமுறைச் சம்பளம் போக இன்னும் இரண்டு நாள் கூலி தர வேண்டும். செம்பனையில் பழுத்த குலை பண்டிகை பார்க்காது. வெட்டிய குலை ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் இறங்கும். அதனால் 13ஆம் தேதி திங்கட்கிழமை, ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஆட்கள் வந்தார்கள். உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் வந்தார்கள்.

அப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 57 வெள்ளி 69 காசு. அந்தத் திங்கட்கிழமைக்கு ஒரு பெண்ணுக்கு வர வேண்டியது 173 வெள்ளி 7 காசு. எங்கள் மென்பொருள் அச்சடித்த சம்பளச் சீட்டில் இருந்தது 57 வெள்ளி 69 காசு. ஆளுக்கு 115 வெள்ளி 38 காசு குறைந்தது. குலை வெட்டுகிறவர்களுக்குக் கூலி டன் கணக்கில். அவர்களுடைய இழப்பு ஆளுக்கு ஆள் வேறு.

ஏன் குறைந்தது என்பதைச் சட்டென்று சொல்லிவிடலாம். பழைய மென்பொருளில் இருந்த மாற்று விடுமுறை விதி புதியதில் விடுபட்டுப் போயிற்று. 2023 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாக்கியது. அந்தச் சாக்கில் கூலிக் கணக்குப் பகுதி முழுவதையும் புதிதாக எழுதினோம். ஆண்டு நடுவில் வெளியிட்டோம். நிரல் எழுதியவர் ஒரு விதியை மறந்தார். எழுதுகிறவர் மறப்பார். அந்த மறதியைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

சோதனைத் திட்டத்தை நான்தான் எழுதினேன். யாரும் தலையிடவில்லை. எழுத உட்கார்ந்தபோது என் மனதில் இருந்தது ஒரே கேள்வி. எதையெல்லாம் சுலபமாகத் தானியங்கி ஆக்கலாம்? கேட்டிருக்க வேண்டியது இது: இந்த மென்பொருள் எங்கே தவறினால் யார் கையிலிருந்து காசு போகும்? இதை ஒரு மதியம் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். ஓய்வு நாள், பொது விடுமுறை, இரண்டும் மோதும் நாள், மாத நடுவில் வேலைக்குச் சேர்ந்தவர், சேமநிதி விகிதம் மாறும் மாதம் என்று பட்டியல் வந்து விழுந்திருக்கும். தொழிலாளியின் சேமநிதிப் பங்கு 11 விழுக்காட்டிலிருந்து 2020இல் 7 ஆனது. 2021இல் 9 ஆனது. 2022 ஜூலைச் சம்பளத்திலிருந்து மறுபடி 11. அந்த மாற்றங்களை நிரலில் செய்த அலுவலகத்தில்தான் நானும் இருந்தேன். சம்பளக் கணக்கில் பிழை பதுங்குகிற இடம் தேதிகள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் திட்டத்தில் நாள்காட்டிக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை.

திரைகளுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கினேன். செலினியம் என்ற கருவி இருக்கிறது. அதைக் கொண்டு உலாவியைத் தானாகத் திறக்க வைக்கலாம், பெட்டிகளில் எழுத்துகளைத் தானாக விழ வைக்கலாம், பொத்தான்களை அழுத்த வைக்கலாம். பார்க்க நன்றாக இருக்கும். மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டலாம். காட்டினேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் என்று சொல்லிக்கொண்டேன். அவற்றில் பெரும்பாலானவை, சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் சேமிக்கிறதா என்று மட்டும் பார்த்தன. சேமித்த தொகை சரியா என்று அவை கேட்கவில்லை.

அந்தத் திரைச் சோதனைகளுக்கு ஒரு நோயும் உண்டு. இணையம் கொஞ்சம் மெதுவானால் சிவப்பு காட்டும். மறுபடி ஓட்டினால் பச்சை. காலையில் வந்ததும் சிவப்பைப் பார்த்தால் என்ன செய்வது என்று குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். "பச்சை வர்ற வரைக்கும் ஓட்டு" என்றேன். சிவப்பைக் கண்டால் பதறாமல் இருக்க ஒரு குழுவுக்கே நான் பயிற்சி கொடுத்தேன்.

திட்டத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு விழுக்காடு போட்டிருந்தேன். நிரலின் வரிகளில் தொண்ணூறு விழுக்காட்டையாவது சோதனைகள் தொட வேண்டும் என்று. தொட்டன. மேலாளர் மகிழ்ந்தார். ஒரு வரி ஓடியதாலேயே அது சரியான விடை தந்ததாக ஆகிவிடாது. இது தொழிலுக்கு வந்த முதல் வருடமே தெரிந்த விஷயம். அதைவிட மோசமான ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. இருக்கிற வரிகளைத்தான் அந்த விழுக்காடு எண்ணும். எழுதாமல் விட்ட வரியை எண்ணாது. மாற்று விடுமுறை விதிக்குப் புது நிரலில் வரியே இல்லை. என் தொண்ணூறு விழுக்காடு கொஞ்சமும் குறையாமல் அப்படியே நின்றது.

அடுத்தது, சோதனைக்கு எடுத்துக்கொண்ட தரவு. இது சோம்பல். வேறு பெயர் கிடையாது. ஜோகூர், மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலை எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய ஆவணங்கள் சுத்தமாக இருக்கும். பெயர்களை மாற்றிவிட்டு அதையே எல்லாச் சோதனைக்கும் பயன்படுத்தினேன். ஜோகூரில் அப்போது வார விடுமுறை வெள்ளியும் சனியும். அந்தத் தொழிற்சாலைக்கு ஓய்வு நாள் வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை தீபாவளி என்பது அவர்கள் கணக்கில் வேலை நாளில் வந்த சாதாரண விடுமுறை. மாற்று நாளுக்கு அங்கே அவசியமே இல்லை. ஓய்வு நாளில் அங்கே யாரும் வேலை செய்ததும் இல்லை. மலாக்காத் தோட்டத்துக்கு ஞாயிறு ஓய்வு என்பது ஜாசினில் பிறந்த எனக்குத் தெரியாதா?

1996 ஜூன் 4ஆம் தேதி ஐரோப்பாவின் அரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வெடித்துச் சிதறியது. அரியான் 4க்கு எழுதிய நிரலில் ஒரு பகுதியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புது ராக்கெட் பறக்கும் பாதையின் தரவைக் கொடுத்து அதைச் சோதிக்கவில்லை. இந்தக் கதையைப் படம் போட்டு மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மூவார் தரவை வைத்து ஜாசினுக்கு நற்சான்று கொடுத்தவள் சொன்ன கதை.

எல்லாவற்றிலும் பெரிய குற்றம் இனிமேல்தான். ஒவ்வொரு சோதனைக்கும் சரியான விடை என்று ஒன்று வேண்டும். கணக்கு இத்தனை வெள்ளி வர வேண்டும், வந்ததா என்று ஒப்பிட. அந்த விடையை யார் தருவது? நான் புது மென்பொருளை ஒருமுறை ஓட்டினேன். அது தந்த தொகைகளை அப்படியே கோப்பில் சேமித்தேன். அவற்றையே சரியான விடை என்று வைத்தேன். பரீட்சை எழுதிய பிள்ளையிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்த வேலை இது. அன்று முதல் என் சோதனைகள் பார்த்ததெல்லாம் மென்பொருள் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்கிறதா என்பதைத்தான். தவறாகச் சொன்னாலும் மாறாமல் சொன்னால் பச்சை.

விடை தெரிந்த மனிதர் ஒருவர் இருந்தார். அவரே முன்வந்து கொடுக்கவும் செய்தார்.

புதுப் பதிப்பைக் காட்டுவதற்காக அந்த ஜாசின் தோட்டத்து அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே கணக்கு எழுதும் கிராணிக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் வயது. பெரட்டில் ஆள் எண்ணி, செக்ரோல் எழுதி, கூலிக் கணக்குப் போட்டே முடி நரைத்தவர். நான் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்து வைத்தார். தனக்கென்று கையால் எழுதி வைத்திருந்தவை.

"பாப்பா, இதுல எல்லாம் இருக்கு. பெருநாள் ஞாயித்துக்கிழமை விழுந்த வருஷம், 2005ல தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்துல வந்தது, மழையில பாதி நாள் வேலை நின்னது. எல்லாம் நான் கையால போட்டு, யூனியன்காரங்க பார்த்து ஒத்துக்கிட்ட கணக்கு. எடுத்துட்டுப் போ. உன் கம்ப்யூட்டர்ல போட்டு ஒத்து வருதான்னு பாரு."

நான் சிரித்தேன். "அதெல்லாம் இப்ப தேவைப்படாதுங்க ஐயா. எல்லாம் ஆட்டோமேஷன் ஆயிடுச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். சம்பள நாளில் இப்படியொரு கிராணியின் சன்னல் முன்னால் நின்று, கைரேகையை அழுத்தி வாங்கியவர். முன்பணம் கேட்டுக் கெஞ்சியதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நான் படித்ததே அந்தச் சன்னலை விட்டு விலகத்தான். இப்போது காற்சட்டை போட்டுக்கொண்டு, மடிக்கணினியோடு அதே மாதிரி அலுவலகத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த நேரத்தில் மறுபடியும் ஒரு கிராணியிடம் கைநீட்டுவதா? அவருடைய நோட்டுகளில் பழுப்புத்தாள் அட்டை போட்டிருந்தது, ஓரம் கரையான் அரித்திருந்தது. அவற்றை என் மேசையில் வைத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனைக்கும் அந்த மனிதர் என் அம்மாவை நிற்க வைத்த கிராணி அல்ல. வேறு தோட்டம், வேறு ஆள். என் திமிருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். மறுநாள் சம்பளம். நான் ஒரு கருத்தரங்குக்குப் படங்கள் தயாரித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், தலைப்பு நல்ல சோதனைத் திட்டம் போடுவது எப்படி என்பது.

"பாப்பா, நவம்பர் 13 மாத்து லீவு. உங்க புரோகிராம் சாதா நாள் கணக்குப் போட்டிருக்கு. மூணு நாள் வரணும். ஒரு நாள்தான் வருது. கொஞ்சம் பாரு."

இதைவிடத் தெளிவாக யாராலும் ஒரு பிழையைச் சொல்ல முடியாது. தேதி சொன்னார். விதி சொன்னார். வர வேண்டியதைச் சொன்னார், வந்ததைச் சொன்னார். எங்கள் குழுவில் சம்பளம் வாங்கும் யாரும் இவ்வளவு நன்றாக ஒரு பிழை அறிக்கை எழுதியதில்லை.

நான் நிமிர்ந்து சுவரிலிருந்த திரையைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. அந்த நொடியில் எனக்குள் ஒரு சந்தேகம் வந்தது. அதை மறைக்கமாட்டேன். மாற்று விடுமுறைக்கு நாம் சோதனை எழுதினோமா? எழுதியதாக நினைவில்லை. அதைத் தேடிப் பார்க்கச் சிறிது நேரம் போதும். தேடினால் இல்லை என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் வெளியிட்ட பதிப்பைத் திரும்பப் பெற வேண்டும். மேலாளரிடம் சொல்ல வேண்டும். கருத்தரங்கில் என்ன முகத்தோடு நிற்பது? பயந்தேன். தேடவில்லை.

"பார்த்துட்டேன் ஐயா. எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. நீங்க என்ட்ரி போடுறப்ப நாள் வகையை மாத்தாம விட்டிருப்பீங்க."

"நான் எதுக்கும்மா மாத்தணும்? பழசுல அதுவா வருமே."

"புதுசுலயும் வரும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

பார்த்துட்டேன் என்றது பொய். அன்று மாலையே தோட்டத்து நிர்வாகி மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டார். மலாய் மொழியில் இரண்டு வரி எழுதினேன். மென்பொருள் முழுமையாகச் சோதிக்கப்பட்டது. சிக்கல் பதிவு செய்தவர் பக்கம். வாயால் சொன்ன பொய்யைக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அந்த இரண்டு வரியை இணைத்துக் கிராணிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். லயத்தில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. கம்ப்யூட்டர் சரியாகத்தான் போட்டது, கிராணிதான் லீவுக் காசைத் தின்றுவிட்டார் என்று. கோயிலில் அவர் பொருளாளர். திருவிழாக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று யாரோ சொன்னார்களாம். அவர் கணக்குப் புத்தகத்தையும் பெட்டிச் சாவியையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஜனவரி முடிவில் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்தில் ஒப்பந்தத்தில் கூப்பிடுவதாக இருந்தார்கள். எச்சரிக்கைக் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு நிறுத்திக்கொண்டார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

அதே ஜனவரியில் பிரிட்டன் அஞ்சல் துறைக் கதை உலகச் செய்தியாயிற்று. 1999இலிருந்து அங்கே அஞ்சல் நிலையங்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொடுத்தார்கள். அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. அஞ்சல் நிலையம் நடத்திய எளிய மனிதர்கள் மீது திருட்டு வழக்குப் போட்டார்கள். 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆனார்கள். சீமா மிஸ்ரா என்ற பெண் 2010இல் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போனார். கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று அந்நாட்டுச் சட்டமே முன்கூட்டி எடுத்துக்கொண்டது. மென்பொருளில் பிழைகள் உண்டு என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2019 ஆயிற்று. 2024 புத்தாண்டில் அது தொலைக்காட்சித் தொடராக வந்தபோது நாடே கொதித்தது. நானும் கொதித்தேன். சாப்பாட்டு மேசையில் அந்த மென்பொருள்காரர்களைத் திட்டினேன். எப்படி மனசாட்சி இல்லாமல் எங்கள் கணினி சரி என்று எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். நான் எழுதிக் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு கணம்கூட என் மின்னஞ்சல் ஞாபகத்துக்கு வரவில்லை.

சீனப் புத்தாண்டு வந்தது. 2024 பிப்ரவரி 10, 11. சனியும் ஞாயிறும். 12ஆம் தேதி திங்கட்கிழமை மாற்று விடுமுறை. மார்ச் தொடக்கத்தில், பத்து பெரெண்டாம் பக்கத்துத் தொழிற்சாலையின் மனிதவள அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. தலைப்புத் தாளில், 60டி பிரிவைச் சுட்டி. கிராணி சொன்னதும் இதுதான், ஒரு வார்த்தை மாறாமல். இந்த முறை அன்று மாலையே நிரலைத் திறந்தேன். தாள் நல்ல தாள் என்பதால் திறந்தேன். காரணம் அவ்வளவுதான்.

பிழை உடனே கண்ணில் பட்டது. அதன்பிறகு, அலுவலகத்தில் எல்லாரும் போனபின், ஒரு வேலை செய்தேன். ஓய்வு நாள் வேலைக்கு இரட்டிப்புக் கூலி தரும் வரியை வேண்டுமென்றே கெடுத்தேன். இரண்டு என்றிருந்ததை ஒன்று ஆக்கினேன். சோதனைகளை ஓட்டினேன். எல்லாம் பச்சை. மூவாரில்தான் யாரும் ஓய்வு நாளில் வேலை செய்யவில்லையே. மகப்பேறு விடுப்புக் கணக்கைக் கெடுத்தேன். பச்சை. நிரலில் வேண்டுமென்றே ஒரு புண்ணை உண்டாக்கி, சோதனைகள் அலறுகின்றனவா என்று பார்ப்பது எங்கள் தொழிலில் தெரிந்த முறைதான். அதைப் பற்றியும் பேசியிருக்கிறேன். என் சொந்தச் சோதனைகள் மீது அதைச் செய்து பார்க்க எனக்கு அன்றுதான் தைரியம் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலாளிகளைச் சம்பளம் கொடுத்துத் தூங்க வைத்திருந்தேன்.

கூலிக்காக இந்த வட்டாரத்து மக்கள் பட்ட பாடு எனக்குத் தெரியாதது அல்ல. 1967இல் புக்கிட் அசஹான் தோட்டத்து மக்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தே போனதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த மக்களின் பேரப்பிள்ளைகளுடைய கூலியைக் குறைத்தது இந்த முறை தொரை இல்லை.

பாக்கிப் பணம் ஏப்ரலில் கொடுக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்ட நேப்பாளிகளுக்கும் இந்தோனேசியர்களுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். பதில் வரவில்லை. வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் அனுப்பிய கடிதத்தை நான்தான் வரைந்தேன். அதில் தவறு என்ற சொல் கிடையாது. 'பதிப்பு மேம்பாட்டின்போது விடுமுறைக் கணிப்பில் ஏற்பட்ட முரண்' என்று எழுதினேன். முரண் யாரால் ஏற்பட்டது என்று அந்த வாக்கியத்தில் தேடினாலும் கிடைக்காது. கிடைக்காதபடிதான் எழுதினேன். கிராணி சொன்னது சரி என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

இப்போது நாங்கள் சோதிக்கும் முறை வேறு. திரைச் சோதனைகளில் முக்கால்வாசியை அழித்துவிட்டோம். கூலி விதிகளை நிரலின் அடிமட்டத்திலேயே, திரை இல்லாமல், சில நொடிகளில் சோதிக்கிறோம். சரியான விடையை நிரலைப் பார்க்காத இரண்டு பேர் தனித்தனியாகக் கையால் போடுகிறார்கள். ஒத்து வந்தால்தான் அது விடை. மாநிலத்துக்கு மாநிலம் விடுமுறை வேறு என்பதால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நாள்காட்டி உண்டு. காரணமில்லாமல் சிவக்கும் சோதனையை மறுபடி ஓட்டுவதில்லை. எடுத்து வைத்துவிட்டு, காரணம் தெரிந்த பிறகே திரும்பப் போடுகிறோம். யார் புகார் சொன்னாலும், திருத்துவதற்கு முன்னால் அந்தப் புகாரையே ஒரு சோதனையாக எழுத வேண்டும். அது சிவக்க வேண்டும், பிறகுதான் நிரலில் கை வைக்கலாம். புதுப் பதிப்பும் பழையதும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, சீட்டுக்குச் சீட்டு ஒப்பிடுகிறோம். இதில் எதுவும் என் கண்டுபிடிப்பு அல்ல. எல்லாம் 2023இலேயே எனக்குத் தெரிந்தவை. கருத்தரங்குப் படங்களில்கூட இருந்தவை.

அவரைப் பார்க்கப் போக எனக்கு ஆண்டு நடுவரை துணிச்சல் வரவில்லை. பெம்பான் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் இருக்கிறார். உட்காரச் சொன்னார். தேத்தண்ணி வந்தது. அன்று நான் பார்க்காமலே பார்த்துட்டேன் என்று சொன்னதைச் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார். "நீ சொன்ன வேகத்துலயே தெரிஞ்சுது. கணக்குப் பார்க்கிறவன் அவ்வளவு வேகமாச் சொல்லமாட்டான்."

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டார்.

"2026ல தீபாவளி நவம்பர் எட்டு. மறுபடி ஞாயித்துக்கிழமை. போட்டுப் பார்த்தியா?"

போட்டுப் பார்க்கவில்லை. திருத்திய பிறகு நாங்கள் எழுதிய சோதனைகள் எல்லாம் நடந்து முடிந்த தேதிகளுக்கானவை. அப்படியே சொன்னேன். நோட்டுகளை இப்போதாவது தருவீர்களா என்று கேட்டேன். தரமாட்டேன், வேண்டுமானால் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டு போ என்றார். சனிக்கிழமைகளில் போனேன். அவர் வாசிப்பார், நான் எழுதுவேன். நான் அவசரப்பட்டால் முதலிலிருந்து வாசிப்பார்.

பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். அந்த எச்சரிக்கைக் கடிதம் அவருடைய கோப்பிலிருந்து வெளியே வர வேண்டும். எங்கள் நிறுவனம் தலைப்புத் தாளில் எழுதித் தர மறுத்துவிட்டது. என் பெயரில் எழுதினேன். பிழை மென்பொருளுடையது, சோதிக்காமல் பதில் சொன்னது நான் என்று இந்த முறை நேராக எழுதினேன். ஓய்வு பெற்றவரின் கோப்பைத் திறப்பதில்லை என்று தோட்டத்திலிருந்து பதில் வந்தது. தொழிலாளர் இலாகாவுக்குப் புகாராகக் கொண்டுபோகலாம், என் வாக்குமூலம் இருந்தால் வழி உண்டு என்று தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். கொண்டுபோனால் என் நிறுவனத்தின் பெயர் அதில் வரும். என் வேலை போகலாம். வீட்டுக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது.

படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.